தம்பி முறை

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்து முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வந்த யசிந்தா, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் தொலைபேசியோடு உட்கார்ந்தாள். அமெரிக்காவில் இப்போதுதான் நீதிமன்றம் கூடுகிறது. தம்பி ஸ்ரிபனுக்காக அவள் தொலைபேசியில் சாட்சி சொல்லவேண்டும்.

தஞ்சம் கேட்ட வழக்கு முடியாமல் இழுபட, நியூஜெர்சியில் பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்துகொண்டு, வருடா வருடம் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைத்துவந்தவன் அவன். இம்முறை கையெழுத்து வைக்கப் போனவனை அப்படியே பிடித்து அடைத்துவிட்டார்கள். வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள் கூடிப்போனார்களாம், நாடே நிறம் மாறுகிறதாம். அதே கூச்சலை டென்மார்க்கிலும் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டு யசிந்தாவுக்கு அலுத்துவிட்டது. இன்று தோற்றால் அவனை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். சொந்த ஊர் மன்னாரில் அவனுக்கென்று ஈ காக்காய் கிடையாது.

மொழிபெயர்ப்பாளர் இந்தியத் தமிழர். ஸ்ரிபன் என்ன உறவு என்று கேட்டார். தம்பி என்றாள்.

"கூடப் பிறந்த தம்பியாம்மா?"

இதென்ன கேள்வி! ஸ்ரிபன் அவளுடைய சின்னம்மாவின் மகன். சின்னம்மா ஷெல்லடியில் செத்த நாளிலிருந்து யசிந்தாவின் கோப்பையில் தின்று, அவளுடைய பாயில் படுத்து வளர்ந்தவன். அவனைப் போய் வேறு எப்படிச் சொல்வது? ஓம் என்றுவிட்டாள்.

அரசாங்க வழக்கறிஞர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். தனக்குக் கூடப் பிறந்தவர் எவருமில்லை என்றுதானே ஸ்ரிபன் தஞ்சம் கேட்கும்போது சொன்னான்? அது பொய்யென்றால் அவன் சொன்ன மற்றதை எப்படி நம்புவது?

டெனிஷில் சின்னம்மாவின் மகனுக்கு 'ஃபெட்டர்' என்று வேறு சொல் இருக்கிறது, தம்பி என்று மட்டும் சொல்லாதேங்கோ என்று மகள் மேர்சி படித்துப் படித்துச் சொன்னவள். பாழாய்ப்போன வாய் கேட்டால்தானே. சின்னம்மாவின் பிள்ளையும் எங்களுக்குத் தம்பிதான் என்று யசிந்தா விளங்கப்படுத்தப் பார்த்தாள். நீதிபதிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. தம்பியா, இல்லையா? ஒரு சொல்லில் பதில் வேண்டுமாம்.

ஸ்ரிபனும் சிறையிலிருந்து அதே இணைப்பில் கேட்டுக்கொண்டிருந்தான். இடையில் கேட்ட இருமல் அவனுடையது என்று அவளுக்குத் தெரியாதா?

"இல்லை," என்றாள். "அவன் என்ர தம்பி இல்லை."

நீதிபதி அவனிடமும் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் இன்னொரு தரம் கேட்கவேண்டியிருந்தது.

"ஓம், அவ சொல்லுறது சரி," என்றான் ஸ்ரிபன். "எனக்கு அக்கா எண்டு ஒருத்தரும் இல்லை."

நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். வழக்குத் தப்பியது, இனி அவனை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். யசிந்தா மேசையில் தலையை வைத்து, சாவீட்டில் அழுவதுபோல் அழுதாள்.