மன்மதன் படத்தின் ஐந்தாவது பூ

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு மன்மதன் ஓவியத்திலிருந்து கிளம்பிய தாமரை, மாடிப்படி இறங்கிப் போய் அருங்காட்சியகக் காவலாளியின் விலாவில் தைத்தது. சட்டை கிழியவில்லை. அவர் நேரே மேலே வந்து, படம் துடைப்பவளிடம் தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று மரியாதையாகக் கேட்டார்.

தப்பு அவளுடையதுதான். பழைய படத்தின் அழுக்கை எடுக்க எச்சிலைப்போல மருந்து இல்லை என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்; பஞ்சை நாக்கில் தொட்டுத் துடைப்பார்கள். அம்புகளாக வரைந்திருந்த பூக்களையும் அவள் யோசிக்காமல் அப்படியே துடைத்துவிட்டாள், ஒரே மூச்சில் நான்கு. ஒவ்வொன்றாகக் காய்ந்து பறந்தன. பூ பட்டவர் மனமெல்லாம் எச்சிலுக்குரியவள் பின்னால் ஓடியது. அசோகம்பூ பட்ட நூலகர் எல்லாப் புத்தகங்களையும் அவள் பெயரின் முதலெழுத்தின் கீழ் அடுக்கினார். மாம்பூ அருங்காட்சியக இயக்குநரைத் தைத்தது. மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர் முல்லை பட்டு ஏணியிலிருந்து இறங்க மறுத்தார். கதவைச் சாத்தினாலும் பூக்கள் சாவித் துவாரம் வழியே போயின.

மிச்சம் நீலோற்பலம் ஒன்றுதான். தாமரை நினைக்க வைக்கும், முல்லை படுக்கையில் தள்ளும், நீலம் கொல்லும். அந்த அர்த்தத்தில்தான் ஓவியர்கள் அதை வரைவார்கள். கட்டடத்தில் அடிபடாத ஆளும் ஒருவன்தான்: பிரேம் அடிப்பவன். பதினோரு வருடமாக அவள் வாய் திறந்து சொல்லாமல் ஆசை வைத்திருந்தவன். அந்தப் பூவைத் துடைக்கமாட்டேன் என்றாள் அவள். இயக்குநரோ, “நாளைக்குக் கண்காட்சி. ஆசை வேற, வேலை வேற,” என்று கண் கலங்கச் சொல்லிவிட்டார்.

அளவு நாடாவோடு வந்தவனை அவள் வாசலிலேயே தடுத்தாள். “போயிடுங்க. இந்தப் பூவத் தொடச்சா உங்க உசுருதான் போகும்.”

“பதினோரு வருஷமா ஒரே படத்துக்கு அளவெடுக்க வர்றேன்,” என்றான் அவன். “படம் என்ன, வளரவா போகுது? எதுக்கு வர்றேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

அவளுக்குத் தலை கால் புரியவில்லை. அவன் பஞ்சை எடுத்து அவள் உதட்டருகே நீட்டினான். “தொடைங்க. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்.”

துடைத்தாள். பூ அவன் நெஞ்சில் தைத்தது. மருத்துவர் வந்து நாடி பார்த்தார், இல்லை. இறப்புச் சான்றிதழ் எழுதினார். அவன் அதைக் கைநீட்டி வாங்கி, நீள அகலம் அளந்தான்.

மூன்றாம் நாள் மற்ற பூக்கள் வாடின. நால்வரும் தெளிந்து கல்யாணத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். நீலம் வாடவில்லை. மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். சான்றிதழ் தேக்கு பிரேமில் கூடத்தில் தொங்குகிறது. தினமும் காலையில் அவள் அவன் மார்பில் காது வைத்துக் கேட்கிறாள். ஒரு சத்தமும் இல்லை. “எல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போகிறாள்.