பூசி மூடிய ஜன்னல்கள்

ஆசிரியை டீகனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பலகையில் இரண்டு வரி எழுதுவாள். ஜன்னலிடம் போய்ப் பிடியை மேலே தள்ளிப் பார்ப்பாள். அது அசையாது. மறுபடி வந்து எழுதுவாள்.

சனிக்கிழமை பெற்றோர்கள் கூடிப் பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். குளிருக்குப் பயந்து இந்தத் தடவை ஜன்னல்களை மூடி வைத்தே பூசிவிட்டார்கள். பெயின்ட் காய்ந்து எல்லாம் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டன.

மூலையில் கேஸ் ஹீட்டர் எரிந்தது. அதற்குப் புகைக்குழாய் கிடையாது. எரிந்த வாயு அறைக்குள்ளேயே தங்கும். 'ஹீட்டர் எரியும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும்' என்று மேலே ஓர் அட்டை. அட்டையில் ஒரு துளிகூடப் படாமல் சுற்றிலும் அழகாகப் பூசியிருந்தார்கள்.

காலையிலேயே தலைமையாசிரியையிடம் சொன்னாள்.

"ஜன்னலைத் திறக்க வெள்ளிக்கிழமை ஆள் வருவான்மா. அதுவரைக்கும் சமாளி. கிரெய்க் லீவு போட்டுட்டு வந்து அடிச்சாரு. அதைச் சுரண்டி அவரு மனசை நோகடிக்காதே."

இன்று செவ்வாய்.

"மிஸ், பென்சில் கனமா இருக்கு," என்றாள் பிரையனி. கிரெய்க்கின் மகள். எட்டு வயது. காலையிலிருந்து மூன்றாவது தடவையாக இன்ஹேலரைக் கையில் எடுத்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் ஏறி இறங்கின.

டீகன் ஹீட்டரை அணைத்தாள்.

"ஐயோ மிஸ், விறைச்சிருவோம்!"

"தொப்பி, கோட் எல்லாம் போட்டுக்கோங்க."

பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்து பிரையனியின் அப்பாவை வரச் சொன்னாள். இன்ஹேலரைச் சரியாக இழுக்க வைத்தாள். பிறகு அட்டை வெட்டும் கத்தியை எடுத்து, சட்டத்தின் விளிம்பில் அழுத்தி இழுத்தாள். புதுப் பெயின்ட் சுருள் சுருளாக உரிந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஜன்னல் சடாரென்று ஏறியது. உறைபனிக் காற்று உள்ளே பாய்ந்தது.

"என்னம்மா பண்றீங்க?" வாசலில் கிரெய்க். "மூணு கோட் பெயின்ட் அடிச்சேன்!"

டீகன் கத்தியால் அட்டையைக் காட்டினாள். பிறகு பிரையனியின் தோள்களை.

அவர் அட்டையைப் படிக்கவில்லை. மகளின் அருகே குனிந்து மூச்சைக் கேட்டார். தன் கழுத்துத் துணியைக் கழற்றி, குளிர்காற்று நேரே படாதபடி அவள் வாயைச் சுற்றிக் கட்டினார்.

"வீட்ல நல்லாத்தானே இருந்தா?"

"வீட்ல... இந்த ஹீட்டர் இல்ல."

பிரையனியின் தோள்கள் மெல்ல இறங்கின. டீகன் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தாள். நிமிஷத்துக்கு முப்பத்தாறு. பிறகு இருபத்தெட்டு.

"கத்தியை இப்படிப் பிடிச்சா கண்ணாடி போயிரும்," என்றார் கிரெய்க், அவள் முகத்தைப் பார்க்காமல். "மத்த ரூம்லயும் இதே கதையா?"

"நீங்கதானே அடிச்சீங்க."

சுவருக்கு அந்தப் பக்கம், சின்னப் பிள்ளைகளின் வகுப்பில், ஹீட்டர் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. டீகன் அதற்குள் கத்தியோடு கதவைத் தாண்டியிருந்தாள்.