செத்தவர் பெயரில் ஒரு கம்ப்யூட்டர்

செத்துப்போன மனுஷனைக் கம்பி வழியாகக் கூப்பிட்டுப் பதில் வாங்கிய ஆள் மலேசியாவின் பேராக் மாநிலத்திலேயே தாம் ஒருவர்தான் என்பார் பிச்சைமுத்து. பேராக் என்பது தன்னடக்கம். உற்சாகம் ஏறினால் அது ஆசியா ஆகிவிடும். தம் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா ஞானசேகரத்தின் பிரியாவிடை விருந்திலும் அதையே ஆரம்பித்தார். கூட்டம் சிரித்தது.

நடந்தது முந்தின வருஷம், எண்பத்தெட்டில். ரப்பரை விட்டு எண்ணெய்ப்பனைக்கு மாறிய ஒரு கம்பெனியின் ஈப்போ ஆபீசில் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. அவற்றைப் பார்த்துக்கொள்வது பிச்சைமுத்துவின் வேலை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று, உட்காருகிற ஆளின் பெயரையே மேனேஜர் அதற்கும் வைத்துவிட்டார். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் கம்ப்யூட்டருக்குள் இருக்கும். பெயரைத் தட்டினால் அது எண்ணைத் தேடிப் பிடித்து, கம்பி வழியே கூப்பிடும்.

முன்பு ரப்பர் ஷீட் அடுக்கிய பின்னறையில் இருந்தது ‘ஐயாவு’. அதில் குமாஸ்தா வேலை பார்த்த ஐயாவு கிராணி, தைப்பூசத்துக்கு மறுநாள் மாரடைப்பில் போய்விட்டார். வேலையை அவர் மனைவி கருப்பம்மாளுக்குக் கொடுத்தார்கள். அவள் முன்னறையில் உட்கார்ந்தாள். பின்னறையில் மட்டும் சுருட்டு வாசம் போகவில்லை. சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த நாற்காலி, காலையில் கதவைப் பார்த்து இருக்கும். கூட்டுகிற வீரம்மா வாசலில் நின்றே பெருக்குவாள். அதற்காகவே இருபதடித் துடைப்பம் செய்தார்கள் என்பது பிச்சைமுத்து கணக்கு.

புரட்டாசியில் எண்களை மாற்றினார்கள். பட்டியலைப் புதிதாகத் தட்டியவள் கருப்பம்மாள். மறுநாள் எங்கிருந்து ‘ஐயாவு’ என்று கூப்பிட்டாலும், அப்படி ஒருவரைத் தெரியாது என்று திரை சொன்னது. பாதி ஆயுளை அந்த ஆபீசிலேயே கழித்த மனுஷனை.

பெரிய கிராணி ஞானசேகரம் யாழ்ப்பாணத்துக்காரர். பேய், பிசாசு, பிச்சைமுத்து மூன்றையும் நம்பாதவர். பெட்டி செத்துவிட்டது, பின்னேரம் பழைய சாமான் லோரி வரும்போது ஏற்றிவிடும்படி சொன்னார்.

கருப்பம்மாள் பிச்சைமுத்துவிடம் வந்தாள். அவள் புருஷன் பெயர் ஒட்டிய பொருள் அந்தக் கட்டடத்தில் அது ஒன்றுதான்.

“அத மட்டும் விட்றாதீங்கண்ணே.”

பிச்சைமுத்து பெயரை விட்டுவிட்டு எண்ணைத் தட்டினார். இன்னார் உயிரோடு இருக்கிறார் என்று பதில் வந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அப்படித்தான் பேசும். ஆக, ஆள் இருக்கிறார், பெயர்தான் தொலைந்திருக்கிறது. பட்டியலைத் திறந்தார். அந்த எண்ணுக்கு நேரே ‘அவங்க’ என்று இருந்தது.

“என்னம்மா இது?”

“புருஷன் பேர எப்படிண்ணே சொல்றது?”

“வாயால யாரு சொல்லச் சொன்னா? விரலாலதானே தட்டணும்லா.”

“விரல் மட்டும் யாருது? அதுவும் அவங்களுக்கு வாக்கப்பட்டதுதானே.”

ஞானசேகரம் ஒப்பவில்லை. பதில் சொன்னது வேறு பெட்டி, எண் குழம்பிவிட்டது என்றார். பின்னறைப் பெட்டியின் வயரைப் பிடுங்குகிறேன், அப்போதும் பதில் வந்தால் அது ஐயாவு அல்ல, லோரிக்குப் போகட்டும் என்று எழுந்து போனார். வெளியே மழை பிடித்தது. வயரோடு திரும்பி வந்து, கூப்பிடச் சொன்னார்.

கருப்பம்மாள் ‘அவங்க’ என்று தட்டினாள். அவங்க உயிரோடு இருக்காங்க என்றது திரை.

வேறு பெட்டிதான் என்று நிரூபிக்க, அவர் ஒவ்வொரு பெட்டியாக அணைத்துக்கொண்டே வந்தார். அவள் முன்னால் இருந்தது மட்டும் மிஞ்சியது; அதன் எண் வேறு. அவள் மறுபடி தட்டினாள். அதே பதில். சுருட்டு வாசம் முன்னறைக்கு வந்தது. புருஷன் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பதுபோல, கருப்பம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றாள்.

லோரியைக் காலியாகத் திருப்பி அனுப்பியவர் ஞானசேகரம்.

விருந்தில் பிச்சைமுத்து கதையை முடிக்கும்போது, அந்தக் கதையில் ஈப்போ நகரத்துக்கே மின்சாரம் போயிருந்தது. இவரைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடலாம் என்றான் ஒருவன். மறுபடியும் சிரிப்பு. ஞானசேகரம் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இவர் சொல்லுறதில முக்கால்வாசி பொய்” என்றார். “ஆனா வயர் என்ர கையிலதான் இருந்தது. அது பதில் சொன்னது. நான் பார்த்தனான்.”