ஹெலி வரும்போது ஓடாதே

இலங்கையில, புளத்கொகுபிட்டிய ஊருக்கு மேல, ரப்பர் மலையில இருக்கிற சின்ன மாதா கோயிலுக்குள்ள புருஷனும் பொண்டாட்டியும் மாட்டிக்கிட்டாங்க. விடாத மழை. தோட்டத்து லயத்து வீட்டு ஆளுங்க எல்லாம் நேத்தே கீழ ஸ்கூலுக்கு இறங்கிட்டாங்க. மாட்டை அவுத்துவிட்டுட்டு வர்றேன்னு ரொபர்ட்டு நின்னான். அவனை விட்டுட்டுப் போகமாட்டேன்னு எஸ்தரும் நின்னா. கொட்டில் செவுரு அவன் கால்மேல விழுந்துச்சு. அவ அவனைக் கோயிலுக்கு இழுத்துட்டு வர்றதுக்குள்ள கீழ ரோட்டையே மண்ணு சரிஞ்சு கொண்டுபோயிருச்சு. மேலயும் மண்ணு, கீழயும் மண்ணு. மனுஷன் எங்க போவான்?

இன்னைக்கு ரொபர்ட்டோட கால் முழங்காலுக்குக் கீழ கறுத்துப்போச்சு. உடம்பு அனலாக் கொதிக்குது. பொழுது சாயுறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா ஆள் தங்காதுன்னு அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்ல. இந்த மாதிரிக் கால்களை, சண்டை நடந்த வன்னியில நெறையப் பாத்தவ அவ.

போன் சாகுறதுக்கு முன்னால ரொபர்ட்டு அனர்த்த நிவாரண ஆபீஸோட சிங்களத்துல பேசிட்டான். விமானப்படை ஹெலி வருமாம். வெட்டவெளியில கலர்ச் சீலை விரிக்கணும். ஹெலியைக் கண்டதும் ரெண்டு கையையும் தூக்கணும். ஒரு கையை மட்டும் தூக்கினா உதவி வேணாம்னு அர்த்தம், பைலட் திருப்பிட்டுப் போயிருவான். "வெளங்குச்சா?"ன்னு கேட்டான். வெளங்குச்சுன்னா எஸ்தர். தலைக்கு வெளங்குச்சு, சரி. உடம்புக்கு?

தமிழ் ஆளுங்களை அடிச்சு வெரட்டின கலவரத்துல இந்த மலையை விட்டு ஓடி, கிளிநொச்சிப் பக்கம் குடியேறின குடும்பம் அவளோடது. அங்கதான் பொறந்தா. வானத்தைக் காதால படிச்சு வளந்த பொம்பளை. ஙொய்னு மேல சுத்துறது வண்டு, ஆளில்லாத வேவு விமானம். அது பாத்துட்டுப் போனா பின்னால கிபிர் ஜெட் வந்து குண்டைப் போடும். ஹெலின்னா கதவுல துவக்கு இருக்கும், கீழ ஆளைக் கண்டா சுடும். எது வந்தாலும் சட்டம் ஒண்ணுதான்: கொடியில காயுற துணியை இழு, பங்கருக்குள்ள குதி, மூச்சுக் காட்டாதே. ரொபர்ட்டைக் கட்டிக்கிட்டு இங்க வந்து வருஷம் எத்தனையோ ஆச்சு, அந்தச் சட்டம் மட்டும் அவளை விட்டுப் போகல.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்டுச்சு. எஸ்தர் தன் சிவப்புச் சீலையைக் கோயில் முத்தத்துல விரிச்சு மூலைக்கு மூலை கல்லு வச்சா. சத்தம் கேட்டுச்சு. மாதாகிட்ட மன்றாடிக் கேட்ட அதே சத்தம். பாவி மக என்ன செஞ்சா தெரியுமா? சீலையை வாரிச் சுருட்டிக்கிட்டு உள்ள பாஞ்சா, ரொபர்ட்டு மேல குப்புற விழுந்து அவன் தலையைப் பொத்திக்கிட்டா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்பாங்க. பேய் இல்லேன்னு தெரிஞ்சே அரளுறவளுக்கு என்ன பழமொழி வச்சிருக்காங்களோ. ஹெலி ரெண்டு சுத்து சுத்துச்சு, வெறும் முத்தத்தைப் பாத்துட்டுப் போயிருச்சு.

"போயிருச்சா?"ன்னான் ரொபர்ட்டு.

"நான்தாங்க போகவிட்டேன். உங்களைக் காவு குடுத்துட்டேன்."

"விடு. திரும்ப வருவாங்க." அவன் நாலு வார்த்தை ஏசியிருந்தா அவளுக்கு ஆறுதலா இருந்திருக்கும். அவன் ஏசல.

எஸ்தர் எந்திரிச்சுப் போய்க் கொடிக்கயித்தை அவுத்துட்டு வந்தா. ஒரு முனையைத் தன் இடுப்புல இறுக்கிக் கட்டினா. மறு முனையை அவன் கையில குடுத்தா.

"உங்க கால்ல கட்டுங்க. அந்தக் கால்ல."

"பைத்தியமா ஒனக்கு?"

"நான் ஓடினா உங்களுக்கு உசுரு போற மாதிரி வலிக்கணும். அப்பத்தான் நிப்பேன். வேற எதுக்கும் நான் நிக்கமாட்டேங்க."

ரொபர்ட்டு அவ மூஞ்சியைப் பாத்தான். கயித்தை வாங்கிக் கட்டினான். எஸ்தர் அவனைச் சாக்குல வச்சு முத்தத்துக்கு இழுத்துட்டு வந்து, சீலையைத் திரும்ப விரிச்சா.

பொழுது சாயுற நேரம் மலைக்கு அந்தாண்ட இருந்து ஹெலி ஏறி வந்துச்சு. தொறந்த கதவுல ஒருத்தன் குந்தியிருக்கான், பக்கத்துல துவக்குக் குழாய். அவ கால் தன்னால திரும்பிருச்சு. ஓடினா. கயிறு இறுகுச்சு, ரொபர்ட்டு அலறினான். அந்த அலறல்தான் அவளை நிப்பாட்டுச்சு. அழுதுக்கிட்டே திரும்பி வந்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் தூக்கினா. சண்டை முடியுற நேரம் இதே மாதிரி கையைத் தூக்கிக்கிட்டு, சரணடைய ராணுவத்துக்கிட்ட நடந்து போனவதான் அவ.

வடத்துல ஒரு பொடியன் இறங்கினான். கொடிக்கயித்தைப் பாத்து முழிச்சான், கத்தியால அறுத்தான். உள்ள எடமில்ல, நோயாளியை மட்டும்தான் ஏத்தலாம்னு கையால காட்டினான். "பய வென்ன எபா அக்கே, ஆயெ எனவா"ன்னான். பயப்படாதீங்க அக்கா, திரும்ப வர்றோம்னு அந்தப் புள்ளை சொன்னது அவளுக்கு வெளங்குச்சு. ரொபர்ட்டு மேல போகப் போக அவ பேரைச் சொல்லிக் கத்தினான். காத்தாடி எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல.

ஹெலி போச்சு. மலையை மூடிக்கிட்டு மப்பு இறங்குச்சு, மழை திரும்பப் புடிச்சுச்சு. கோயிலுக்குப் பின்னால கல்லு உருளுற சத்தம் கேட்டுச்சு. எஸ்தர் உள்ள போகல. ஆயுசு பூரா வரக்கூடாது வரக்கூடாதுன்னு கும்பிட்ட அந்தச் சத்தத்தை, வா, வந்துருன்னு வானத்தைப் பாத்துக் கெஞ்சிக்கிட்டு, வெட்டவெளியில நனைஞ்சுக்கிட்டு நின்னா.