மாமியார் பெட்டி

எங்கள் டெப்போவில் எல்லா பஸ்ஸிலும் ஒரு பெட்டியை மாட்டினார்கள். டிரைவர் தலைக்கு மேலே, சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் கீச்சென்று கத்தும். அந்தக் கத்தல் ஆபீஸுக்கும் போய்ச் சேரும். ஓங்கிப் பிரேக் போடுகிறவன் கவனமில்லாமல் ஓட்டுகிறான் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. பஸ்ஸில் ஏறிப் பழக்கமில்லாத எவனோ கண்டுபிடித்தது. கத்தல் கூடினால் ரூட்டைப் பிடுங்கிப் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். பெஞ்சு என்றால், வேறு டிரைவர் வராத அன்றைக்குத்தான் வண்டி. மற்ற நாள் மத்தியானம்வரை உட்கார்ந்து கொட்டாவி விட்டு, சம்பளமில்லாமல் வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

எதைச் செய்தாலும் குற்றம் சொல்வதால் டிரைவர்கள் அந்தப் பெட்டிக்கு மாமியார் என்று பேர் வைத்தார்கள். என் மகள் புருஷன் டிரைவர். நான் அதே வண்டியில் கண்டக்டர். "உனக்கென்னப்பா, முன்னால மாமியார், பின்னால மாமனார். வேலைக்கு வந்தும் பொண்ணு வீட்டுலயே இருக்கே" என்று அவரைக் கேலி செய்வார்கள். முதலில் அவரும் சிரித்தார்.

எனக்கு லேசில் யாரையும் நம்பி வராது. பெண் கேட்டு வந்தபோது மாப்பிள்ளையையும் நம்பவில்லை. ஒரே வண்டியில் ஓடின பிறகுதான் நம்பினேன். நான் விசில் கொடுத்த பிறகும், கண்ணாடியில் யாராவது ஓடிவருவது தெரிந்தால் நிற்பார். படியில் கால் வைத்தவர் உள்ளே ஏறிக் கம்பியைப் பிடிக்கும்வரை வண்டி நகராது.

பெட்டி வந்த கையோடு ஓட்ட நேரத்தையும் குறைத்தார்கள். லேட்டானாலும் பெஞ்சுதான். சீக்கிரம் போ, பிரேக் போடாதே என்று இரண்டையும் ஒரே வாயால் சொன்னார்கள். மாப்பிள்ளை ஒரு நாயைக் காப்பாற்றியதில் ஒரு கத்தல், குறுக்கே வந்த ஆட்டோவுக்கு ஒரு கத்தல் என்று கணக்கு ஏறியது. மேனேஜர் கூப்பிட்டு, இன்னொன்று வந்தால் பெஞ்சு என்று சொல்லியனுப்பினார்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் மாறிப்போனார். மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "தட்டைக் கீழ வெச்சாக்கூட திடுக்கிடுறாருப்பா. பிள்ளைங்க வீட்டுல வாயைத் திறக்கறதில்ல." நான் மேனேஜரிடம் போய், கொஞ்ச நாள் கூட்டமில்லாத ரூட் கொடுங்கள் என்று கேட்டேன். மன அழுத்தத்துக்கு மூச்சை இழுத்து விடுகிற வகுப்பு நடக்கிறதாம், அங்கே அனுப்புகிறேன் என்றார். அதுவும் மாப்பிள்ளையின் ஓய்வு நாளில். போனார். போய் வந்து, மூச்சு விடுவதற்கும் கையெழுத்து வாங்குகிறார்கள் மாமா என்றார். அவர் அடித்த கடைசி ஜோக் அது.

பிரேக்கைத் தொடாமலே ஓட்டப் பழகினார். மஞ்சள் விளக்கு எரிந்தால் நிற்காமல் இன்னும் விரட்டுவார். சைக்கிள் குறுக்கே வந்தால் ஹாரனை அழுத்திக்கொண்டே ஒடித்துத் திருப்புவார். ஒரே ஒரு ஆள் நிற்கிற ஸ்டாப்பில் வண்டி உருண்டுகொண்டே இருக்கும், அந்த ஆள் தாவி ஏற வேண்டும். ஜனங்கள் டிரைவரைத் திட்ட முடியாமல் பக்கத்தில் நிற்கிற என்னைத் திட்டினார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல், "பிரேக்கைப் போடுங்க மாப்பிள்ளை. கத்தினா கத்தட்டும்" என்றேன்.

"நீங்க சொல்லுவீங்க மாமா. பெஞ்சுல உக்காரப்போறது நான்தானே" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

அந்த வாரமே நடந்தது. மார்க்கெட் தாண்டி நேர் ரோடு, காலை வெளிச்சம், நல்ல டயர். ரோடு பெருக்குகிற அம்மா ஒருத்தி குப்பை வண்டியை இழுத்துக்கொண்டு குறுக்கே இறங்கினாள். முன் சீட்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது. ஓங்கி மிதித்தால் நின்றிருக்கும், தூரம் இருந்தது. ஹாரன்தான் கேட்டது. வண்டி இடது பக்கம் ஒடித்துத் திரும்பியது, பின்பக்கம் வீசிப்போய் அவளை அடித்தது. பெட்டி கத்தவில்லை.

அந்த அம்மா பிழைத்தாள். ஒரு கால் போய்விட்டது.

விசாரணை அன்று ஆபீஸ் வராந்தாவில் இரண்டு பேரும் நின்றோம். கவனிக்கவில்லை என்று சொல்லிவிடு, வேலை மட்டும்தான் போகும் என்று யூனியன்காரர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் போனதும் மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பார்த்தேன் மாமா. அவ இறங்குனதுல இருந்து பார்த்துக்கிட்டேதான் வந்தேன். கால் பிரேக் மேலதான் இருந்துச்சு. கத்திடுமோன்னு அழுத்தல."

"இதை அப்படியே உள்ள சொல்லுங்க."

"யாரு நம்புவா? தெரிஞ்சே ஏத்துனான்னு எழுதுவாங்க. ஜெயிலுக்குப் போகணும்."

அவர் சொன்னது சரி. அந்த ஆபீஸை நம்பச் சொல்ல என்னாலேயே முடியவில்லை. உள்ளே போனார், கவனிக்கவில்லை என்றார், எழுதிக்கொண்டார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டிக்குப் பயந்து டிரைவர்கள் பிரேக்கே போடுவதில்லை, எல்லா வண்டியிலும் இதுதான் கதை என்று நான் சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் ஏதாவது சண்டையா, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அதைக்கூட எழுதவில்லை.

வேலை போய்விட்டது. மாப்பிள்ளை இப்போது வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெளியே ஹாரன் கேட்டால் எழுந்து உள் அறைக்குப் போய்விடுகிறார். மகள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். கால் போன அம்மாவை ஒருநாள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். டிரைவர் தூங்கிட்டாராமே என்று கேட்டாள். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

என் வண்டிக்குப் புது டிரைவர் வந்திருக்கிறார். வந்த புதிதில் பிரேக்கை நன்றாகத்தான் மிதித்தார். போன வாரம் மேனேஜர் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். இப்போது நான் டிக்கெட்டைக் கொடுக்கும்போதே ஒவ்வொருத்தரிடமும் சொல்லிவிடுகிறேன், கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று. ரோட்டில் நடக்கிறவர்களுக்கு யார் சொல்வது?