பெயர் போடாத விளம்பரம்

வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கடைப் பொருட்களுக்குப் பெட்டியும் உறையும் வடிவமைத்துத் தருகிற அலுவலகம் எங்களுடையது. மூன்று டிசைனர்களில் இருவர் போய்விட்டார்கள். மிச்சமிருந்த ஒருத்திதான் மூவர் வேலையையும் இழுத்துக்கொண்டிருந்தாள். "மாசக் கடைசிக்குள்ள கூட ஒரு ஆள் வரலேன்னா நானும் கிளம்பிடுவேன் சார்" என்று சொல்லியும் விட்டாள். அவள் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

நான் விடுவேனா? 'படைப்புச் சூறாவளியே வா, நாங்கள் அலுவலகமல்ல, குடும்பம்' என்று ஒரு பக்கத்துக்கு விளாசினேன். அறுபது பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவர் மேடையில் மேஜிக் செய்பவர். இரண்டு பேர் டான்ஸ் மாஸ்டர்கள். உருப்படியான டிசைனர் ஒருவர்கூட இல்லை.

வெட்கத்தை விட்டு, வேலையை விட்டுப் போன இருவருக்கும் போன் போட்டேன். ஏன் போனீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார்கள். ராத்திரி வரை வேலை. ஒரே டிசைனுக்கு இருபது திருத்தம். யார் செய்தது என்று எங்கேயும் பேர் வராது. எல்லாவற்றையும் அப்படியே தலைகீழாகத் திருப்பி எழுதினேன். ஆறு மணிக்கு வீடு, மூன்றே திருத்தம், செய்தவர் பெயர் வெளியே தெரியும், சம்பளம் இவ்வளவு. விளம்பரம் தயார்.

முதலாளி படித்துவிட்டுத் தலையாட்டினார். "நம்ம பேரை மட்டும் போடாதீங்க. நமக்கு ஆள் இல்லேன்னு வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடாது."

மறுநாள் காலை நாலு விண்ணப்பம் வந்திருந்தது. முதலாவதைத் திறந்தேன். ஒரு சோப்புப் பெட்டியின் படம். அவ்வளவு அழகு. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால், போன வருடம் நான் வேண்டாம் என்று ஒதுக்கிப் பதினேழு தடவை மாற்றச் சொன்ன பெட்டி. கீழே, 'இப்போது வேலை பார்க்கும் இடத்தில் நீங்கள் சொல்லும் எதுவும் கிடையாது' என்று ஒரு வரி. விண்ணப்பித்தவள், எங்களிடம் மிச்சமிருந்த அதே டிசைனர், என் அறைக்கு வெளியே மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன்.

"ஆளை விட்டுடாதீங்க" என்றார். "விளம்பரத்துல சொன்னதெல்லாம் குடுத்துடுவோம்."

வெற்றி வீரனாக அவள் மேசைக்குப் போய்ப் படங்களை வைத்தேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"அந்த விளம்பரம் நம்மளுதா சார்?"

"ஆமாம்மா. பயப்படாத. உன் வேலையைப் பார்த்துட்டு முதலாளி எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டாரு."

"நான்தான்னு தெரிஞ்சா ஒத்துக்கிட்டாரு?"

பெயர் இருந்த தாளை அவரிடம் காட்டவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்போ அவர் ஒத்துக்கிட்டது வெளியாளுக்கு" என்றாள். "எனக்கும் உண்டான்னு கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் என் விண்ணப்பம் அப்படியே இருக்கட்டும்."

பெயர் இருந்த தாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குத் திரும்ப நடந்தேன். பதினைந்து அடி தூரம். எழுதுவது எவ்வளவோ சுலபம்.