கறுவல் குரைக்காத மூன்று கிழமை

மணி ஒன்று தாண்டிவிட்டது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் தூங்குவதுபோலக் கிடக்கிறோம். ஒருவரும் தூங்கவில்லை. நடந்ததை முழுதாகச் சொல்லாமல் எனக்குக் கண் மூடாது.

கரடியனாறு ஊரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல் தள்ளி எங்கள் வட்டை, நெல்வயல். வெட்டுக்குத் தயாரான வேளாண்மை. கதிர் முற்றினால் யானை வரும். அதனால் இரவில் அப்பா பரணில் காவல் இருப்பார். பக்கத்து வயல் வல்லிபுரம் மாமாவும் அதே பரணில்தான். ஒருவர் படுக்க ஒருவர் முழித்திருப்பார். கீழே எங்கள் நாய் கறுவல்.

கறுவலின் காதை நம்பித்தான் எல்லாம். அப்பாவின் மோட்டார் சைக்கிள் பெரிய வீதியிலிருந்து திரும்பும்போதே வீட்டில் அவன் எழுந்து நிற்பான். ஆள் வந்தால் வெட்டி வெட்டிக் குரைப்பான். யானை என்றால் வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு ஒரே இழுவையாக ஊளையிழுப்பான். அவன் சத்தமில்லாமல் கிடந்தால் யானை இல்லை என்று அர்த்தம்.

மூன்று கிழமைக்கு முன், இருபது நாள் இருக்கும், சித்தியின் மகன் நிஷாந்த் புதுப் போனோடு வந்தான்.

"அக்கா, மதகுக்குள்ள யானை வெடி போட்டா எப்பிடி எதிரொலிக்கும் தெரியுமா? வீடியோ எடுப்பம்."

"அப்பா அடிச்சே சாகடிச்சுப்போடுவார்டா."

"பயந்தாங்கொள்ளி!"

அந்த ஒரு சொல்லுக்காக யானை விரட்ட அப்பா வைத்திருந்த வெடியில் ஒன்றைக் களவாக எடுத்தேன். பற்றவைத்து மதகுக்குள் எறிந்ததும் நான்தான். எறிந்த பிறகுதான் கறுவல் பாய்ந்ததைக் கண்டேன். எதை எறிந்தாலும் ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வர அவனுக்குப் பழக்கியதும் நான்தான். "கறுவல்!" என்று கத்தினேன். அதற்குள் வெடித்துவிட்டது.

வாய் வைக்குமுன் வெடித்ததால் காயம் இல்லை. தலையை உதறிக்கொண்டு வெளியே வந்தான். நிஷாந்த் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அடுத்த நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. கறுவலுக்குப் பின்னால் நின்று சட்டியில் கரண்டியால் தட்டினேன். திரும்பவில்லை. முதுகில் கை வைத்ததும் திடுக்கிட்டு எழும்பி, நான் என்று கண்டு கையை நக்கினான். நாளைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும் என்று ஒவ்வொரு நாளும் தட்டிப் பார்த்தேன்.

வீட்டில் அது வேறு மாதிரி விளங்கிற்று.

"நம்மட கறுவலுக்குப் புத்தி வந்திட்டுகா. முந்தி மாதிரி எலை விழுந்தாலும் குலைக்கிறானில்ல" என்றார் அப்பா.

"நாய்க்கெண்டாலும் வந்திச்சே. உங்களுக்கு எப்ப வருமோ!" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் வல்லிபுரம் மாமா மகளுக்குக் காய்ச்சல் என்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

"தனியவா போறீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"கறுவல் இரிக்கான்தானே. அவன் கேப்பான், நான் படுப்பன்."

வாசல் படலை வரைக்கும் பின்னால் போனேன். "அப்பா..." என்றேன்.

"என்ன புள்ள?"

"ஒண்டுமில்ல. சாப்பாட்டுப் பார்சல் எடுத்தனீங்களா?"

"ஓம் ஓம்."

கறுவல் வழக்கம்போல மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓடினான்.

நடுச்சாமத்தில் ஊர் நாய்கள் தொடங்கின. முதலில் மேற்கே ஒன்று. பிறகு அதற்கு அடுத்த வளவில். பிறகு எங்கள் வட்டைக்குப் போகும் பாதை வீடுகளில். சத்தம் ஒவ்வொரு வளவாக நகர்ந்து எங்கள் வயல் பக்கமாகப் போனது. அப்பாவுக்குப் போன் எடுத்தேன். இரண்டு தரம் அடித்து நின்றது. மூன்றாம் தரம் எடுத்தார்.

"என்ன புள்ள, இந்த நேரத்தில?"

"அப்பா, யானை வருகுது. இறங்குங்க."

"உனக்கென்ன விசரா? கறுவல் சத்தமில்லாமக் கிடக்கான். நீ படு."

"அவனுக்குக் காது கேக்காதப்பா."

"என்ன?"

"நான் வெடி போட்டுக் கெடுத்திட்டன். அவனுக்கு ஒண்டும் கேக்காது. இஞ்ச எல்லா நாயும் குலைக்கிது. இறங்குங்கப்பா!"

பரண் பலகை கிறீச்சிடுவது கேட்டது. பிறகு போன் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். ஏசவில்லை. விடியும் வரைக்கும் என் கையை விடவுமில்லை.

விடிய அப்பா நடந்து வந்தார். இடுப்பு வரைக்கும் சேறு. பரண் விழுந்துவிட்டது என்றார். மோட்டார் சைக்கிளும் மிதிபட்டு நசுங்கிப்போய்விட்டது என்றார். அம்மாதான் கேட்டாள்:

"கறுவல் எங்க?"

"வரம்பில படுத்திருந்தவன். நான் குதிக்கக்குள்ள யானை அவனுக்கும் எனக்கும் நடுவில. வாய்க்காலுக்குள்ள கிடந்து விசிலடிச்சன். பேரச் சொல்லியும் கூப்பிட்டன். தலையையும் தூக்கல்ல." கைச் சேற்றை உதறிக்கொண்டு, "அங்கினயே குழி வெட்டித் தாட்டுப் போட்டு வாறன்" என்றார்.

அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எத்தின நாளா?"

"மூண்டு கிழமை."

வாளியைக் கீழே வைத்தார்.

"போன கிழமை கூப்பிட்டு வரல்ல எண்டு கம்பால அடிச்சன் புள்ள, அவன."

பிறகு இன்று முழுதும் என்னோடு கதைக்கவில்லை. இப்போதும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறார்.